டர்போ மந்தத்துக்குக் காரணம் ஒரு ரப்பர் குழாய்
என் டீசல் காரில் நிமிடத்துக்கு 2,500 சுழற்சியைத் தாண்டினால்தான் இழுவை வந்தது. டர்போவையே மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகைவாயு குறைவாகவே வரும். அப்போது, என் காரிலுள்ளது போன்ற டர்போவில், புகைவாயுவால் சுழலும் சக்கரமான டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கும். வாயு சீறிப் பாய்ந்து டர்பைனை வேகமாகச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். என் காரில் அந்தத் தகடுகளை ஒரு கம்பி மூலம் அசைப்பது வெற்றிடத்தின் இழுப்பால் இயங்கும் ஆக்சுவேட்டர் என்ற பாகம். எஞ்சினை இயக்கியதும் அதன் கம்பி உள்ளிழுக்கப்பட வேண்டும். அசையவே இல்லை! கைப்பம்பால் நேரடியாக வெற்றிடம் கொடுத்தேன். கம்பி தடையின்றி நகர்ந்து அப்படியே நின்றது. ஆக, டர்போ நலம். ஆக்சுவேட்டருக்கு வெற்றிடத்தைக் கொண்டுவரும் ரப்பர் குழாயைத் தடவினால், வளைவில் வெப்பத்தால் வெடித்த கீறல். வெப்பம் தாங்கும் புதிய குழாயை மாட்டியதும் 1,800 சுழற்சியிலேயே இழுவை கிடைத்துவிட்டது.