தேக்காவிலிருந்து பாய லேபார் வரை: காணாமல் போன டிராம் பாதையைத் தேடுவது எப்படி

என் பெரியப்பா சிங்கப்பூரில் டிராமில் போனதாகக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மரப் பெஞ்சு, காலால் மணியை மிதிக்கும் டிரைவர், ரோட்டின் நடுவே தண்டவாளம், கண்டக்டர் கையில் கொடுத்த அரையணா. நானும் அதை அப்படியே நம்பி, சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தலையில் குட்டியது போல உறைத்தது. சிங்கப்பூரில் ஏது அணா? இங்கே சென்ட் அல்லவா!

பெரியப்பா 1936-ல் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர். சிங்கப்பூரின் கடைசி டிராம் 1927 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. கப்பல் ஏறுவதற்காக மதராஸ் வந்தபோது அவர் ஏறியது அந்த ஊர் டிராம். அது 1895-ல் தொடங்கி 1953 வரை ஓடியது. இரண்டு ஊரும் அவர் மனசில் ஒன்றாகிவிட்டன. அந்த ஏமாற்றத்தில் தொடங்கியதுதான் என் தேடல். நான் போய் முட்டிக்கொண்ட இடங்களில் நீங்களும் முட்டிக்கொள்ள வேண்டாமே என்று இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று வண்டிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1886-ல் வந்தது நீராவி டிராம். ஒரு சின்ன எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும். ரிக்‌ஷாவோடு போட்டி போட முடியாமல் 1894-ல் படுத்துவிட்டது. அடுத்தது மின்சார டிராம், 1905 ஜூலை 25-ல் திறந்து 1927 வரை ஓடியது. மூன்றாவது டிராலி பஸ், அதாவது தண்டவாளம் இல்லாமல் மேலே போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ். 1926 ஆகஸ்டில் தொடங்கி 1962 வரை இருந்தது. இன்று உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டி யாராவது ‘டிராம்’ என்றால், பத்துக்குப் பத்து அது டிராலி பஸ்தான். பொய் சொல்லவில்லை, பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ‘டிராமா, டிராலி பஸ்ஸா?’ என்று நேராகக் கேட்காதீர்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்குத் தலையாட்டுவார்கள். ‘வண்டியின் கூரையிலிருந்து கம்பிக்கு எத்தனை கொம்பு போனது?’ என்று கேளுங்கள். நான் வாழ்நாள் முழுக்க மின்கம்பி வேலை பார்த்தவன், அதனால் இந்தக் கேள்வி மேல் எனக்குத் தனி நம்பிக்கை. மின்சாரம் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் ஒரு வழி வேண்டும். டிராமுக்கு இரும்புச் சக்கரம், கீழே இரும்புத் தண்டவாளம். மேலே ஒரே கம்பியில் வந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றிவிட்டுச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடும். ஆகவே ஒரு கொம்பு போதும். டிராலி பஸ்ஸுக்கு ரப்பர் டயர், கீழே வழி அடைபட்டுவிட்டது. எனவே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி, இரண்டு கொம்பு. ‘கொம்பு கழன்றுவிடும், கண்டக்டர் இறங்கி நீளமான கழியால் திரும்ப மாட்டுவார்’ என்று யாராவது சொன்னால், ‘ஒன்றா, இரண்டா?’ என்று மறுபடி கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ‘ஏறும்போது வண்டி ஓரத்துக்கு வந்ததா, நீங்கள் ரோட்டின் நடுவுக்குப் போனீர்களா?’ டிராலி பஸ் ஓரம் கட்டும். டிராமால் தண்டவாளத்தை விட்டு ஒரு விரற்கடைகூட நகர முடியாது. அப்புறம் காசு. அணா என்றால் மதராஸ், சென்ட் என்றால் இங்கே. பெரியப்பாவிடம் நான் கேட்க மறந்த கேள்வி இது.

பழைய படங்களுக்கும் இதே கணக்குத்தான். தண்டவாளம் தெரிகிறது, மேலே கம்பியே இல்லை என்றால் நீராவிக் காலமாக இருக்கலாம். தண்டவாளமும் ஒற்றைக் கம்பியும் இருந்தால் மின்சார டிராம். தண்டவாளம், இரட்டைக் கம்பி இரண்டும் சேர்ந்து தெரிந்தால் குழம்ப வேண்டாம். 1926-27-ல் ஏறக்குறைய ஓராண்டு டிராமும் டிராலி பஸ்ஸும் ஒன்றாக ஓடின. பாடாங் திடலில் ராஃபிள்ஸ் சிலை நிற்கிறதென்றால் படம் 1919-க்கு முந்தையது, அந்த ஆண்டுதான் சிலையை எம்பிரஸ் பிளேசுக்கு மாற்றினார்கள். ரிக்‌ஷாவை வைத்துக் காலம் குறிக்கப் பார்க்காதீர்கள். 1880-லிருந்து 1947 வரை அது எல்லாப் படத்திலும் நிற்கும்.

சரி, பத்திரிகைக்கு வருவோம். தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு கிடையாது. தமிழில் தேடலாம் என்று ஆசையோடு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ‘சிங்கை நேசன்’ 1887 முதல் 1890 வரை வந்தது, அது நீராவி டிராம் காலம். ‘தமிழ் முரசு’ 1935-ல்தான் தொடங்கியது. மின்சார டிராம் ஓடிய 22 ஆண்டுகளும் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டன. ஆகவே ஆங்கிலப் பத்திரிகைகளில்தான் தேட வேண்டும்.

தேடும்போது ‘டிராம்’ என்று மட்டும் போட்டால் குப்பையாகக் கொட்டும். ‘டிராம்கார்’, ‘எலெக்ட்ரிக் டிராம்வேஸ்’ என்று போட்டு, ஆண்டை 1905-க்கும் 1927-க்கும் இடையே சுருக்குங்கள். இடப்பெயர்களில் எழுத்து மாறும். கேலாங்கை இப்போது ஜி-இ என்று தொடங்குகிறோம், பழைய தாள்களில் ஜி-ஏ என்றும் வரும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் பழைய அச்சைத் தப்பாகப் படிக்கும், அதனால் கிடைக்காத ஒன்று இல்லவே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பெரிய செய்திகளைவிட வாசகர் கடிதங்களையும் போலீஸ் கோர்ட் பத்தியையும் படியுங்கள். வண்டி எங்கே நின்றது, யார் ஏறினார்கள், ரிக்‌ஷாக்காரர்களோடு என்ன தகராறு என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய வரைபடங்களுக்கு தேசிய ஆவணக் காப்பகமும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் வரலாற்று வரைபடத் தொகுப்பும் போதும்.

இனி நடை. நான் பரிந்துரைப்பது சிராங்கூன் ரோட்டுப் பாதை. டிராம் அந்தக் காலப் பட்டணத்தை விட்டு வெளியே கிளம்பி, சிராங்கூன் ரோடு வழியாகப் பாய லேபார் பக்கம் போனது. அமெரிக்காவில் இப்படி ஊர்விட்டு ஊர் போகும் மின்வண்டிக்கு ‘இன்டர்அர்பன்’ என்று தனிப் பெயரே உண்டு. நம்முடையது அவ்வளவு பெரிய சங்கதி இல்லை. ஆனால் அன்று தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) ஏறி பாய லேபாரில் இறங்கியவருக்கு அது இன்னொரு ஊர்தான்.

ஒரு முன்னெச்சரிக்கை: பாய லேபார் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். அது கேலாங் பக்கம். பழைய ஆட்கள் பாய லேபார் என்றது அப்பர் சிராங்கூன் ரோட்டில், அப்பர் பாய லேபார் ரோடு பிரியும் சுற்றுவட்டாரத்தை. என் நண்பர் ஒருவர் தவறான இடத்தில் இறங்கி, முக்கால் மணி நேரம் எனக்காகக் காத்திருந்தார்.

காலை ஆறரைக்கு லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, புக்கிட் தீமா ரோட்டைக் கடந்து மெக்கன்சி ரோட்டுக்குப் போங்கள். டிராம் கம்பெனியின் மின்நிலையம் இங்கேதான் இருந்தது. அந்தக் கட்டடத்தைத் தேட வேண்டாம், அந்த இடத்தில் நின்றால் போதும். 1906-ல் நகராட்சி முதன்முதலாகத் தெருவிளக்குகளை மின்சாரத்தில் ஏற்றியபோது, மின்சாரத்தை வாங்கியது டிராம் கம்பெனியிடமிருந்துதான். ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு, போட் கீயில் எரிந்த வெளிச்சம் தேக்கா பக்கத்திலிருந்து போனது! எனக்கு டிராமைவிட இதில்தான் பெருமை.

தேக்கா சந்தையில் ஒரு தோசையும் கோப்பியும் முடித்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடங்கள். வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும் டிராமுக்கு மூத்தவை. பெருமாள் கோயில் வாசலில் நின்று ரோட்டைப் பாருங்கள். இந்தத் தண்டவாளத்தின் அகலம் ஒரே ஒரு மீட்டர். என்னோடு வந்த பேத்தி இரண்டு கையையும் விரித்து, ‘இவ்வளவுதானா?’ என்றாள். அவ்வளவுதான். அந்த இடத்துக்காகத்தான் ரிக்‌ஷாவும் மாட்டுவண்டியும் டிராமும் முட்டி மோதின. தண்டவாளத் துண்டு ஏதாவது எட்டிப் பார்க்கும் என்று தாரையே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள், யார் மேலாவது இடிப்பீர்கள்.

காலாங் ஆற்றைக் கடந்த பிறகு மேம்பாலங்கள் பழைய பாதையைக் குழப்பிவிடும். வேகமாகத் தாண்டிவிடுங்கள், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. போத்தோங் பாசிர், பிடாடாரி என்று போகப் போக, ஒரு கம்பெனி ஏன் இதில் நட்டப்பட்டது என்பது கால்வலியிலேயே விளங்கும். இத்தனை தூரத்துக்கும் தண்டவாளம் போட்டு, அதைப் பராமரிக்கவும் வேண்டும். பட்டணத்துக்குள் பயணிகளை ரிக்‌ஷா பிடித்துக்கொண்டது. பிறகு 1920-களில் ஏழு பேர் உட்காரும் ‘கொசு பஸ்’ வந்து, டிராமுக்கு முன்னால் புகுந்து ஆட்களை அள்ளியது. தண்டவாளம் தேய்ந்துபோனபோது புதுசாகப் போடக் கையில் காசில்லை. கம்பியை வைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கைவிடும் யோசனைதான் டிராலி பஸ்.

மொத்தம் ஆறு கிலோமீட்டர் போல வரும். திரும்பும்போது சிராங்கூன் நிலையத்தில் வடக்கு-கிழக்குப் பாதையில் ஏறுங்கள். நீங்கள் நடந்து வந்த ரோட்டை ஒட்டியேதான் அது நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. சிங்கப்பூர் எம்ஆர்டியில் மின்சாரத்தைத் தரையோரத் தண்டிலிருந்து எடுக்காமல் மேல்கம்பியிலிருந்து எடுத்த முதல் பாதை இது, 2003-ல் திறந்தது. நான் கடைசியாக வேலை பார்த்ததும் இதன் கம்பியில்தான். மேலே கம்பியில் வருகிறது, தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. பிளாட்பாரக் கதவு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பேத்தி எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, ‘தாத்தா, கொம்பு எத்தனை?’ என்று கேட்டாள்.

கேலாங் பாதையையும் இதே மாதிரி நடக்கலாம். அங்கே நிழல் குறைவு, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.