பொறந்தநாளுக்கு ‘இதே நாள்ல’ போஸ்டர் ரெடி பண்றது எப்படி

போன வருஷம் எங்க அத்தை பொறந்தநாளுக்கு வாய்ட் டெக்ல (சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழ இருக்கற தொறந்த தளம்) சின்னதா ஒரு விருந்து, கேக்குக்குப் பக்கத்துல ‘இதே நாள்ல என்னென்ன நடந்துச்சு’ன்னு ஒரு போஸ்டர் வச்சேன், கேக்கை விட்டுட்டு எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்தாங்க, எப்படிப் பண்ணேன்னு கேட்டவங்களுக்காக இது.

தேதியை கூகுள்ல தட்டினா நூறு விஷயம் வந்து கொட்டும், அத்தனையும் போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க, நாலஞ்சு போதும், அதுவும் நம்ம வீட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கணும். அத்தை செப்டம்பர் 16. 1916ல எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில பொறந்தது அன்னிக்குத்தான், 1923ல சிங்கப்பூரோட மொத பிரதமர் லீ குவான் இயூ பொறந்ததும் அன்னிக்குத்தான். அதைவிட, 1963ல சிங்கப்பூரும் சேர்ந்து மலேசியா உருவானதும் அதே நாள், லீக்கு சரியா 40 வயசு! மொதல்ல ஆகஸ்ட் 31ன்னுதான் இருந்துச்சு, மலேசியாவுல சேர இருந்த சபா, சரவாக் மக்களுக்கு இதுல விருப்பமான்னு ஐநா குழு விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் தள்ளிப்போச்சு. இப்படி ஒண்ணுக்கொண்ணு முடிச்சு விழுந்தா அதை நடுவுல பெருசா போடுங்க. எங்க மாமா அதுக்கு முன்னாடி நின்னு கதை சொல்ல ஆரம்பிச்சு பிரியாணியே ஆறிப்போச்சு.

தேதி சரியான்னு பாக்குறதுதான் பெரிய வேலை. நிலாவுல எறங்கினது 1969 ஜூலை 20ன்னு எல்லா லிஸ்ட்லயும் இருக்கும், ஆனா நம்ம சிங்கப்பூர் கடிகாரத்துல அப்போ 21ஆம் தேதி விடியக்காலை 3.47 (கிரீன்விச்சை விட நாம ஏழரை மணி நேரம்தான் முன்னாடி இருந்தோம், எட்டு ஆனது 1982ல). ரஷ்யாவோட அக்டோபர் புரட்சியும் அப்படித்தான், பழைய காலண்டர்ல அக்டோபர் 25, இப்போ கணக்குக்கு நவம்பர் 7, ஸோ அது சி.வி. ராமன், மேரி கியூரி, கமல் மூணு பேர் பொறந்தநாளோட போய் நிக்கும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி வெப்சைட்ல நம்ம ஊர் தமிழ்ப் பேப்பரான தமிழ் முரசோட பழைய இதழெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. அதுல அடுத்த நாள் பேப்பரைத் தேடுங்க, ஒரு நாள் நடந்தது மறுநாள் பேப்பர்லதானே வரும், நான் கூறுகெட்டத்தனமா 16ஆம் தேதி பேப்பரையே ஒரு மணி நேரம் தோண்டிட்டு இருந்தேன்.

பிப்ரவரி 15 மாதிரி நாள்னா கொஞ்சம் யோசிங்க, 1942ல சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்த நாள் அது, தாத்தா பாட்டி வர்ற விருந்துன்னா நான் போட மாட்டேன்.

இன்னொண்ணு, வயசானவங்களுக்கு ஐசில (அடையாள அட்டையில) ஒரு தேதி இருக்கும், வீட்ல கொண்டாடுறது நட்சத்திரம் பாத்து வேற தேதியா இருக்கும், பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. ஏ3 சைஸ்ல எடுத்து லேமினேட் பண்ணிடுங்க, வாய்ட் டெக் காத்துக்கு வெறும் பேப்பர் நிக்காது.