மேய்ச்சல் நிலத்தில் வேர் முடிச்சைச் சூட்டிலிருந்து காப்பது

குளிர் நாட்டில் புல்லோடு சேர்த்து விதைக்கும் வெள்ளை குளோவர் என்ற தீவனச் செடி நம் நெல்லைச் செவல் காட்டின் வெயிலைத் தாங்காது. இங்கே கொழுக்கட்டைப் புல்லுக்கு நல்ல துணை முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடிதான். மூன்று வரிசை புல், ஒரு வரிசை மசால்.

காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பது மசாலின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர். மண் 25 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். 40ஐ நெருங்கினால் புது முடிச்சு உருவாவதே கெடும். சித்திரை வெயிலில் வெறும் செம்மண்ணின் மேல்பரப்பு அதையும் தாண்டிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில் விதையுங்கள்.

மசால் விதைக்குத் தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக ஆற விடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: சூடு ஆறாத விதையில் ரைசோபியம் கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். ஏக்கருக்கான விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்று, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதைக்க வேண்டும். பொட்டலத்தை மோட்டார் ரூம் தகரக் கூரைக்கடியில் வைக்கவே கூடாது.

எட்டு வாரம் கழித்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் ஓய்ந்துவிட்டது. அதற்காக யூரியாவை அள்ளிப் போடாதீர்கள்; புல் ஓங்கி மசாலை மூடிவிடும், முடிச்சும் சோம்பிவிடும்.

கோடையில் ஆடுகளை ஒட்ட மேய விடாமல், ஒரு சாண் உயரம் விட்டு வையுங்கள். அந்த நிழல்தான் மண்ணுக்குக் குடை.