தோப்பில் செயின்சா பல் தீட்டும்போது தவிர்க்க வேண்டியவை

கோடை மழைக் காற்று ஒரு ராத்திரி அடித்தால் போதும், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்து மாந்தோப்புகளில் விடிந்ததும் மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் மரம் அறுக்க ஆள் தேடி அலைவார்கள். இப்போது ஆளாளுக்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், அரம் பிடிக்கத்தான் கை பழகவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுத் தீட்டு, கையுறை போடு என்பதை எல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் மெஷினையே தொடக் கூடாது.

அளவு பார்க்காமல் அரம் வாங்குவது

"உருண்டை அரம் ஒண்ணு குடுங்க" என்று கடையில் கேட்பார்கள். கைக்கு அகப்பட்டது வரும். ஒரு காலத்தில் நானும் அப்படி வாங்கியவன்தான். அதனாலேயே பார்க்கும்போது எரிச்சல் கூடுதலாக வருகிறது.

போன மாம்பழ சீசனுக்கு முன்னால், சாய்ந்துபோன ஒரு பெங்களூரா மாமரத்தை ஒரு தம்பி சின்ன மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தார். பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு, மரத்தின் மேலேயே நிற்கிறது, புகை வருகிறது, விழுவது செதில் இல்லை, மாவு. "இப்பத்தான் தீட்டினேங்கண்ணா" என்றார். பல்லைத் திருப்பிப் பார்த்தேன். மேல் விளிம்பு மட்டும் பளபளக்கிறது. கீழே குழிவில் பழைய பிசின் கறுப்பாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவர் கையில் இருந்தது 5.5 மி.மீ. அரம். செயினுக்கு வேண்டியதோ 4 மி.மீ.

தடித்த அரம் குழிவுக்குள் இறங்காது, மேல் விளிம்பைப் பின்னால் சாய்த்துவிடும். பல் கடிக்காமல் வழுக்கும். வழுக்க வழுக்க ஆள் மெஷினை அழுத்துவார். பாரும் கிளட்சும் சூடாகும். மெலிந்த அரம் இதற்கு நேர்மாறு: கீழே ஆழமாகத் தோண்டி, முனையைக் கொக்கி மாதிரி ஆக்கிவிடும். முதல் வெட்டுக்கு நன்றாக இருக்கும். புளியங்கட்டையில் வைத்தால் அந்த முனை நிற்காது. அந்தத் தம்பி கடைசியில் புதுச் செயின் வாங்கித்தான் மிச்ச மரத்தை அறுத்தார்.

அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து பாதியாக்கினால் பிட்ச், அதாவது செயினின் அளவு, வரும். 16.5 மி.மீ. வந்தால் பாதி 8.25, அது .325 அங்குலச் செயின், அதற்கு 4.8 மி.மீ. அரம். 19 மி.மீ. வந்தால் 3/8 அங்குலம். ஏமாறுகிற இடம் இங்கேதான் இருக்கிறது. 3/8-லேயே சின்ன மெஷினுக்கு வருகிற தாழ்ந்த பல் செயின் ஒன்று உண்டு. ஸ்கேலில் கிட்டத்தட்ட அதே அளவு காட்டும், ஆனால் அரம் 4 மி.மீ. பெரிய பல் 3/8 செயினுக்குத்தான் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. ஆகவே அளந்ததோடு நிற்காமல் செயினில் அடித்திருக்கிற எண்ணையும் பாருங்கள். ஓரிகன் கம்பெனி செயினில், பாரின் காடிக்குள் ஓடுகிற கண்ணியில் 91 என்றிருந்தால் தாழ்ந்த பல். ஸ்டில் (Stihl) கம்பெனி செயினில் பல்லுக்கு முன்னாலுள்ள மேட்டில் 6 அல்லது P என்றிருக்கும். பழைய செயினில் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துப் போய்விடுவது இன்னும் நல்லது.

சரியான அரத்தைப் பல்லில் வைத்தால், அதன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரியும். தெரியவில்லையென்றால் அரம் தப்பு, இல்லை பிடிக்கிற கை தப்பு.

அரத்தை முன்னும் பின்னும் இழுப்பது

தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது தூக்கிவிடுங்கள்.

கிரைண்டரில் கொடுப்பது

"நாலு செகண்ட் வேலைங்க" என்பார்கள். நாலு செகண்டில் பல் நீலமாகிவிடும். நீலம் ஏறிய பல்லில் கூர் நிற்காது.

முன்மேட்டைக் கண்ணளவில் ராவுவது

ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. பல் தேயத் தேய அதையும் பட்டை அரத்தால் இறக்க வேண்டும். பெரும்பாலான செயின்களுக்குப் பல் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருந்தால் சரி. அதற்கென்று ஒரு தகட்டு கேஜ் விற்கிறது, சட்டைப் பையில் அடங்கும். கேஜ் இல்லாமல் இறக்கியவர்களின் மெஷின் முகத்தை நோக்கி எகிறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆணியில் பட்ட பிறகு ஒப்புக்குத் தீட்டுவது

அரூர் ரோட்டுப் புளியமரங்களில் பழைய விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். பட்டுவிட்டால் பல்லுக்கு இரண்டு தள்ளு போதாது. மிக மோசமாக அடிபட்ட பல்லைக் கண்டுபிடித்து, அதன் சேதம் மறையும் வரை தீட்டி, மற்றதெல்லாவற்றையும் அதே நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் வளையும்.

மடியில் வைத்துத் தீட்டுவது

வேண்டாம். விழுந்த மரத்திலேயே அடித்து இறுக்குகிற சின்ன வைஸ் கிடைக்கிறது. பாரை அதில் பிடித்துக்கொண்டால் அரம் பிடிக்கிற 30 டிகிரி கோணம் கடைசிப் பல் வரை மாறாது.

அரத்தை ஸ்பேனரோடு ஒரே பையில் போடுவது

இரும்போடு இரும்பு உரசி அரத்தின் வெட்டு மழுங்கிவிடும். பழைய பிவிசி பைப் துண்டில் போட்டு மூடிவையுங்கள். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள், வழுக்கும். வழுக்க ஆரம்பித்த அரத்தைப் பிரஷ் போட்டும் சரியாகவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். செயின் விலையோடு பார்த்தால் அரத்தின் விலை ஒன்றுமே இல்லை.