நகரப் பகுதிகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடும் களஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'வாழ்க்கைத் தரம்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு பொருளில் புழங்குகிறோம். ஒன்று, வருமானமும் வசதியும். மற்றொன்று, அங்கே குடியிருப்பது எப்படி இருக்கிறது என்பது: காற்று, சத்தம், பாதுகாப்பு, அக்கம்பக்கம், நடந்துபோகும் தூரத்தில் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கின்றனவா என்பதெல்லாம். பல மாணவர் ஆய்வுகள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. பெரிய வீடும் வாசலில் காரும் கண்ணில் பட்டவுடன் கை தானாக அதிக மதிப்பெண் போடுகிறது. அந்தத் தெருவில் நடைபாதையே இல்லை என்பது தாளில் ஏறுவதில்லை. எதை அளக்கப்போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: "மையத்திலிருந்து விலக விலகச் சுற்றுச்சூழல் தரம் உயர்கிறதா?" என்பது போல. நகரம் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைகிறது என்று சொல்லும், சமூகவியலாளர் பர்கெஸ் 1925-இல் வெளியிட்ட வளைய மாதிரி சிகாகோ நகரத்தை வைத்து உருவானது. அதைச் சோதிக்க வேண்டிய கருதுகோளாகக் கொள்ளலாம், விடையாகக் கொள்ளக் கூடாது.

அடுத்த தவறு இடத்தேர்வில். நகரத்தின் மிக அழகான தெருவையும் மிக மோசமான தெருவையும் பொறுக்கி எடுத்தால், முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டீர்கள் என்று பொருள். வரைபடத்தில் மையத்திலிருந்து வெளிநோக்கி ஒரு கோடு போட்டு, 500 மீட்டருக்கு ஓரிடம் எனச் சீரான இடைவெளியில் நில்லுங்கள். எத்தனை இடங்கள் என்பதும் முக்கியம். தூரத்தையும் தரத்தையும் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவால் (இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை −1 முதல் +1 வரையான ஒரு கெழுவாகச் சொல்லும் முறை) ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். கூடுமா குறையுமா என்று முன்பே சொல்லாத கருதுகோளுக்கு, 5% மட்டத்தில் (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பு 5%-க்குள்), 5 இடங்கள் மட்டும் இருந்தால் கெழு முழுதாக 1 வந்தாக வேண்டும். 10 இடங்கள் இருந்தால் 0.648 வந்தாலே போதும். ஐந்தோடு நிறுத்துகிறவர்கள் உழைத்த உழைப்புக்கு எதையும் நிரூபிக்க முடியாமல் போகிறது.

அதிகம் கவனிக்க வேண்டியது மதிப்பீட்டுத் தாள். −3 முதல் +3 வரை எண்களை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், ஒருவருடைய +1 இன்னொருவருடைய −1 ஆகிவிடும். ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். குப்பைக்கான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் 50 மீட்டர் நடந்து எண்ண வேண்டும்: ஒன்றுமே இல்லை என்றால் +3, 10 துண்டுக்குள் என்றால் +1, 30-ஐத் தாண்டினால் −2, தொட்டி நிரம்பி வழிந்து குவியலாகக் கிடந்தால் −3. இந்த வரம்புகள் உங்கள் ஆய்வுக்கு ஏற்ப மாறலாம். எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே மதிப்பெண் இடட்டும். இரண்டு புள்ளிக்கு மேல் வேறுபட்டால் விளக்கம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். இதை முன்னோட்ட ஆய்விலேயே கண்டுபிடித்துத் திருத்திவிடலாம்.

ஒரு குழு வடக்குப் பகுதிக்கு, இன்னொரு குழு தெற்குப் பகுதிக்கு என்று பிரித்து அனுப்புவதைப் போல ஆய்வைக் கெடுப்பது வேறில்லை. கிடைத்த வேறுபாடு இரண்டு பகுதிகளுக்கு இடையிலானதா, இரண்டு குழுக்களுக்கு இடையிலானதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நேரமும் இப்படித்தான். ஓரிடத்தில் காலை 8 மணிக்கும் மற்றோரிடத்தில் பகல் 2 மணிக்கும் வண்டிகளை எண்ணினால், நீங்கள் ஒப்பிட்டது கடிகாரத்தை.

சத்தத்தை அளப்பவர்கள் டெசிபெல் அளவுகளைக் கூட்டி வகுத்துவிடுகிறார்கள். அது மடக்கை அளவு (10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்கு) என்பதால் அப்படிச் செய்யக் கூடாது. 60, 80 என இரண்டு அளவீடுகள் இருந்தால் சராசரி 70 அல்ல. ஒலியாற்றலுக்கு மாற்றிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 77 வரும். அந்தக் கணக்கு சிரமம் என்றால் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) மட்டும் குறிப்பிடுங்கள். கருவியைச் சுவரை ஒட்டிப் பிடிக்க வேண்டாம், எதிரொலி சேர்ந்துகொள்ளும்.

வினாநிரலில் முதல் கேள்வி, "நீங்கள் இந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறீர்களா, எத்தனை ஆண்டுகளாக?" என்பதாக இருக்கட்டும். கடைத்தெருவில் நிற்பவர்களில் பலர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். வேலை நாளின் நடுப்பகலில் கேட்டால் வேலைக்குப் போனவர்களின் குரல் விடுபடும், அதனால் ஒரு மாலையிலாவது போக வேண்டும். "இங்கே தூய்மையும் பாதுகாப்பும் நன்றாக இருக்கின்றனவா?" என்று இரண்டை ஒன்றாக்கிக் கேட்காதீர்கள். 'ஆம்' எதற்கு என்று தெரியாது. வருமானத்தை நேராகக் கேட்க வேண்டாம். 8 பேரில் 2 பேர் சொன்னதை 25% என்று எழுதுவதும் படிப்பவரை ஏமாற்றுவதே, "8-இல் 2" என்றே எழுதுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பல நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. அதன் எல்லைகள் உங்கள் தெருக்களோடு பொருந்தாமலும் போகலாம். ஒரு வட்டாரத்தின் சராசரியை அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்றிச் சொல்வது தவறு.

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகச் சேர்க்கும்போது திசையைச் சரிபாருங்கள். மரங்களின் எண்ணிக்கை கூடினால் நல்லது, சத்தம் கூடினால் கெடுதல். இரண்டையும் அப்படியே கூட்டிய அட்டவணையில் இரைச்சலான தெரு முதலிடத்துக்கு வந்துவிடும்.

உங்கள் தாளில் −2 வாங்கிய தெருவை அங்கே குடியிருப்பவர்கள் "நல்ல இடம்" என்று சொன்னால், அந்தப் பதிலை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் தாளில் அக்கம்பக்க உறவுக்கு ஒரு வரி இருந்ததா என்று பாருங்கள்.