வியாழக்கிழமைப் பை: ஓய்வில்லாத வாரத்தில் கைவேலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் ஒயர் கூடை, அடிப்பின்னல் மட்டும் முடிந்த நிலையில், பதினான்கு மாதம் கிடந்தது. சிவப்பும் வெள்ளையும் கலந்த கூடை. சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது ஒயர் கட்டுகளை வாங்கி, புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஒரு சனிக்கிழமை வரவே இல்லை. ஒரு வாரம் கல்யாணம், மறுவாரம் மகளின் துணைப்பாட வகுப்பு, அதற்கடுத்த வாரம் வீட்டைக் கழுவித் துடைப்பதிலேயே பொழுது போய்விட்டது. இன்று அந்தக் கூடைக்குக் கைப்பிடி மட்டும்தான் பாக்கி. வியாழக்கிழமை இரவுகளில், அரை அரை மணி நேரமாக, தோழிகளோடு உட்கார்ந்து வளர்த்த கூடை அது.

அந்தப் பதினான்கு மாதத்தில் நான் செய்த தவறுகளையும், என்னோடு உட்கார்ந்து பின்னுகிறவர்கள் செய்த தவறுகளையும் எழுதி வைக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே கையால் எதையாவது செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இவற்றில் சிலவாவது உதவும்.

லீவு வரட்டும் என்று காத்திருப்பது

சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பொது விடுமுறை 11 நாள். அவற்றில் பாதி நாள்களுக்குப் பண்டிகையும் உறவினர் வீடும் முன்பே பெயர் கொடுத்து வைத்திருக்கும். வார இறுதிக்கு ஈரச்சந்தை, துணி துவைப்பு, பிள்ளைகளின் வகுப்பு. ஆக, "நேரம் கிடைக்கும்போது" என்று சொல்லிவைக்கும் வேலைக்கு நேரம் கிடைப்பதே இல்லை. வேலை நாள்களுக்குள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் இருபது நிமிடங்களைப் பிடிப்பதுதான் வழி.

எனக்கு அந்த இருபது நிமிடங்கள் ரயிலில் கிடைத்தன. உட்லண்ட்ஸிலிருந்து மேக்ஸ்வெல் வரை தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மாறாமல் போகலாம். உட்கார இடம் கிடைக்கிற நாளில் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே சதுரம் ஒன்று முடிந்துவிடும். ரயிலில் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, மீறினால் 500 வெள்ளி (டாலர்) வரை அபராதம் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனாலேயே வெள்ளை நூலுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாம்பார் தெறிக்கும். ரயிலில் அந்தப் பயம் கிடையாது.

இங்கே பலர் செய்யும் தவறு, பெரிய வேலையை ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு வருவது. பாதி பின்னிய போர்வை மடியை நிறைக்கும், பக்கத்தில் இருப்பவர் மேல் சரியும், நிலையம் வந்ததும் சுருட்டி எடுப்பதற்குள் கதவு மூடிவிடும். பயணத்துக்கு உள்ளங்கை அளவு வேலை போதும். சதுரங்களைச் சேர்த்துத் தைப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டு பின்னவும் வேண்டாம். ரயில் பிரேக் போடும்போது ஊசி முனை யார் கையில் படும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, பை. பின்னலுக்கென்று தனிப் பை வேண்டும். அதில் நூல், ஊசி, சின்னக் கத்தரிக்கோல், அளவு நாடா எப்போதும் இருக்க வேண்டும். காலையில் ஆறரை மணிக்கு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைக்கலாம் என்று நினைக்கிறவர் அன்று கையை வீசிக்கொண்டுதான் போவார்.

பின்னுவதைவிட வேகமாக வாங்குவது

இதுதான் எனக்கு மிகவும் வலித்த தவறு. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போனால் நூல் கடைகள். அரபு ஸ்திரீட்டில் துணிக்கடைகள், வாசலிலேயே சுருள் சுருளாகப் பருத்தியும் பட்டும். தேக்கா நிலையத்தின் மாடிக்குப் போனால் புடவையும் சுடிதார் துணியும், பக்கத்திலேயே தையல்காரர்களும். தொட்டுப் பார்த்தாலே வாங்கத் தோன்றும். களைத்துப்போன ஒரு புதன்கிழமை மாலையில் ஆறு உருண்டை நூல் வாங்குவது பெரிய சந்தோஷம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கியதும் மனது பாதி வேலை முடிந்ததாக நம்பிவிடுகிறது. நூல் அலமாரிக்குப் போகிறது, நாம் அடுத்த கடைக்குப் போகிறோம்.

குளிர்நாடுகளில் நூல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். சிங்கப்பூர்க் காற்று அப்படி விடாது. விடியலுக்கு முன் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். பலர் வீட்டில் கைவேலைப் பொருள்கள் போய்ச் சேரும் இடம் பாம் ஷெல்ட்டர், அதாவது வெடிகுண்டுத் தாக்குதலின்போது பதுங்குவதற்கான அறை. 1990களின் இறுதியிலிருந்து கட்டப்படும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கனத்த இரும்புக் கதவோடு இருக்கும் அந்த அறையைத்தான் நாம் ஸ்டோர் ரூமாக்கிவிட்டோம். கதவைச் சாத்தினால் காற்றோட்டம் குறைவு. நான் அங்கே வைத்த கம்பளி நூலில் பூஞ்சை வாடை ஏறியது, மூன்று முறை அலசியும் போகவில்லை. துணிகளின் மடிப்பில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. மாதிரிப் புத்தகத்தின் ஓரத்தை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது.

இப்போது எனக்கு மூன்று பழக்கங்கள். ஈரப்பசை இருக்கும்போது நூலை பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பதில்லை. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன், அதை மறக்காமல் மாற்றுகிறேன். டப்பாவைத் திறந்து காற்றாட வைப்பதைப் பிற்பகலில் செய்கிறேன். காலையில் எழுந்ததும் திறந்து வைப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் நாளிலேயே ஈரம் மிகுந்த காற்றை உள்ளே அழைப்பதாகிவிடும்.

ஒரு வேலைக்குத் தேவையானதைக் குறைவாக வாங்குவதும் தவறுதான். நூல் உருண்டையின் தாளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறினால் நிறம் லேசாக மாறும். கடை விளக்கில் அது தெரியாது. பின்னி முடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது முதுகில் ஒரு கோடு விழுந்த மாதிரி இருக்கும். எண்ணைப் பார்த்து, ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். ஒயர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். என்னைப் போல ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்கள் பாதிக் கூடையில் சிவப்பு தீர்ந்துபோனால் அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சட்டை தைக்கப் பருத்தித் துணி வாங்கினால், வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

பின்னல் மாதிரி எந்த நாட்டுடையது என்று பார்க்காதது

குரோஷே பழகுகிறவர்கள் அழுகிற அளவுக்குப் போவது இதில்தான். அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே பெயரை வேறு வேறு பின்னலுக்கு வைத்திருக்கின்றன. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்வதைப் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டனில் டிரெபிள். நாம் காணொளி பார்த்துப் பழகுவது பெரும்பாலும் அமெரிக்க முறையில்; கைக்கு வரும் புத்தகமோ நூலோடு கிடைக்கும் தாளோ பிரிட்டிஷ் அல்லது ஆஸ்திரேலிய முறையில் இருக்கக்கூடும். எங்கள் குழுவில் ஒருவர் குழந்தைத் தொப்பி பின்ன ஆரம்பித்து, இரண்டு மடங்கு உயரத்துக்குப் போய், நூலும் தீர்ந்து, தன் கைதான் சரியில்லை என்று நினைத்து ஊசியையே ஒதுக்கி வைத்துவிட்டார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மாதிரியில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் பின்னலே கிடையாது.

சதுரமாக வர வேண்டியது முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போனால், வரிசையின் முதல் பின்னல் கண்ணையோ கடைசிக் கண்ணையோ விட்டுவிடுகிறீர்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள், பேச்சு சுவாரசியமாக இருக்கும்போது கட்டாயம் எண்ணுங்கள். முதலில் போடும் அடிச்சங்கிலி இறுகி விளிம்பு வளைந்தால், சங்கிலிக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியை எடுங்கள். உடுப்பு பின்னுகிறவர்கள் முதலில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி அளந்து பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஒரு மாலைப்பொழுது வீணாகிறதே என்று தோன்றும். ஒரு மாத உழைப்பைக் காப்பாற்றித் தருவது அந்தச் சதுரம்தான்.

ஒயர் கூடையில் அவசரம்

2023 ஜூலை 3 முதல் இங்கே பெரிய பேரங்காடிகள் தாங்கள் தரும் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. அதற்குப் பிறகு அம்மாவின் பழைய ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மீன் வாங்கி வந்து குழாயடியில் கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. அதைப் பார்த்துத்தான் பின்ன ஆசைப்பட்ட சிலர் எங்களோடு சேர்ந்தார்கள்.

முதல் தவறு, நீளத்தைக் குத்துமதிப்பாக வெட்டுவது. முதலில் நாலைந்து முடிச்சு போட்டுப் பாருங்கள். பிறகு அவிழ்த்து, ஒரு முடிச்சுக்கு எவ்வளவு ஒயர் போகிறது என்று அளந்து பெருக்குங்கள். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு என்பதால் அடுத்தவர் கணக்கு நமக்குப் பொருந்தாது. இரண்டாவது, ஒரு நாள் இறுக்கியும் மறுநாள் தளர்த்தியும் பின்னுவது. கோபமாக அலுவலகத்திலிருந்து வந்த நாளின் வரிசை எது என்று கூடையைப் பார்த்தே சொல்லிவிடலாம், அந்தப் பக்கம் கூடை சாய்ந்து நிற்கும். மூன்றாவது, நுனியை முடிச்சோடு ஒட்ட வெட்டுவது. நுனியை உள்பக்கமாக மூன்று நான்கு முடிச்சுகளுக்குள் நுழைத்த பிறகு வெட்டினால்தான் தேங்காயும் உருளைக்கிழங்கும் ஏறும்போது பிரியாது. முடித்த கூடையைத் தாழ்வாரத்தில் வெயில் படும்படி மாட்டி வைக்காதீர்கள், ஒயர் நாளடைவில் மொரமொரப்பாகி முறியும்.

எல்லாருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடுவது

வாட்ஸ்அப் குழுவில் எட்டுப் பேர். ஒருவர் கிழக்கே தெம்பனிஸ், ஒருவர் மேற்கே ஜூரோங், இருவர் ஷிப்ட் வேலை. "எல்லாரும் எப்ப ஃப்ரீ?" என்ற கேள்விக்கு மூன்று வாரம் பதில் வந்துகொண்டே இருந்தது, சந்திப்பு மட்டும் நடக்கவில்லை. இதய வடிவப் படங்கள் நிறைய வந்தன. முகம் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் குழுவில் மூத்தவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் குரல் செய்தி அனுப்பினார்: "இனிமே யாரையும் கேக்க மாட்டேன்மா. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் அங் மோ கியோ காப்பிக் கடையில உக்காந்திருப்பேன். வர்றவங்க வாங்க. வராதவங்க அடுத்த வாரம் வாங்க." முதல் வாரம் இரண்டு பேர். இப்போது பெரும்பாலும் நாலைந்து பேர். வராதவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் அவருக்காக யாரும் நாளை மாற்றவில்லை. இந்த ஒரு மாற்றத்தை நான் எல்லாருக்கும் மனதாரச் சொல்வேன்.

இடத்திலும் நேரத்திலும் கவனம் வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகங்கள் நிறைந்த ஷென்டன் வே பக்கத்து உணவங்காடியில் ஊசியை எடுக்கக் கூடாது. தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி நிற்கிறவர்களுக்கு அது அநியாயம். கூட்டம் குறைந்த பிறகு போய், தே தாரிக்கோ (ஆற்றிய பால் தேநீர்) கோப்பி-ஓவோ (பால் சேர்க்காத காப்பி) வாங்கிக்கொண்டு உட்காருங்கள். நூலை மடியில் வையுங்கள், மேசையில் எப்போதும் ஈரம் இருக்கும். ஞாயிறு காலை என்றால் பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்கா நல்ல இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள்.

கை ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சு வேறு மாதிரி வருகிறது. கண்ணைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதைக் கூடையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். வேலை போனதை ஒருவர் அப்படித்தான் எங்களிடம் முதலில் சொன்னார். அக்கா ஒன்றும் பேசாமல், அவர் கையிலிருந்த நூலின் சிக்கலை எடுத்துக் கொடுத்தார்.

மணிக்கட்டை மறப்பது

நாள் முழுக்க விசைப்பலகை, இரவில் ஊசி. இரண்டுக்கும் உழைப்பது அதே விரல்கள், அதே மணிக்கட்டு. அரை மணிக்கு ஒரு முறை கையை உதறி, விரல்களை விரித்து மடக்குங்கள். மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். கறுப்பு நூலைப் பகலில் மட்டும் எடுங்கள்.

தீபாவளிக்கு எல்லாருக்கும் கையால் செய்து கொடுப்பேன் என்று செப்டம்பரில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன், கோப்பைக்கு அடியில் வைக்கும் நூல் விரிப்புகள் பன்னிரண்டு. ஏழாவதுக்குப் பிறகு நூலைப் பார்த்தாலே களைப்பு வந்தது. ஒருவருக்குச் செய்யுங்கள், அவருக்குப் பிடித்த நிறத்தில்.

இந்த வியாழக்கிழமை கைப்பிடி. அதுதான் எடை முழுவதையும் தாங்கும் இடம் என்பதால் உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்து, மேலே ஒயரைச் சுற்ற வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். குழாயையும் அவரே கொண்டுவருகிறார். சிவப்பு ஒயர் இன்னும் மூன்று முழம் மிச்சம் இருக்கிறது, நேற்றிரவு அளந்து பைக்குள் வைத்துவிட்டேன்.