பில் சரியாக இருந்தால் வரி குறையும்: டர்பன் கடைக்காரர்களுக்கு

மிளகாய்த்தூள், மஞ்சள், கரம் மசாலா என்று மொத்தக் கடையில் 6,900 ராண்டுக்குச் சரக்கு எடுக்கிறீர்கள். அதில் 115க்கு 15 பங்கு, அதாவது 900 ராண்ட், வாட் (மதிப்புக் கூட்டு வரி). நீங்கள் வாட் பதிவு செய்தவர் என்றால் அந்த 900 உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம். ஆனால் 5,000 ராண்டைத் தாண்டும் பில்லில் விற்பவரின் விவரங்களோடு உங்கள் பெயர், முகவரி, வாட் எண் மூன்றும் இருக்கவேண்டும். அவசரத்தில் ‘கேஷ் சேல்’ என்று மட்டும் எழுதி நீட்டுவார்கள்; கவுண்டரிலேயே திருத்தி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) கேட்கும்போது அந்தக் கடைக்காரரைத் தேடி அலைய முடியாது. 5,000 வரைக்கும் சுருக்கமான பில் போதும், 50க்குள் என்றால் வெறும் ரசீது போதும். புதிய சப்ளையர் தரும் வாட் எண் உண்மையா என்பதை சார்ஸ் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

மளிகைக் கடையில் அதிகம் சிக்குவது எதற்கு எத்தனை சதவீதம் என்பதில்தான். அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை, பால், பிரவுன் பிரெட் இவற்றுக்கு வாட் 0. மசாலாத்தூள், வெள்ளை பிரெட், பொரித்த சமோசா இவற்றுக்கு 15. பில்லிங் மெஷினில் பொருளுக்குப் பொருள் தனிக் குறியீடு போடாமல் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடித்தால், அரிசி விற்றதற்கும் கையிலிருந்து 15 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வாட் 0 என்பதால் அதில் திரும்பப் பெற எதுவும் இல்லை. தொழிலுக்கு ஓடியதன் செலவாக வருமான வரியில் மட்டும் காட்டலாம்.

வண்டிச் செலவுக்கு லாக் புக் (பயணக் குறிப்பேடு) இல்லாவிட்டால் கதை முடிந்தது. வரி வருடம் தொடங்கும் மார்ச் 1 காலையில் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள், பிப்ரவரி கடைசி நாளில் மறுபடி. நடுவில் தொழிலுக்காகப் போன ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, எங்கிருந்து எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீட்டர். ‘சாட்ஸ்வொர்த் – கிளேர்வுட் காய்கறி மார்க்கெட், சரக்கு எடுக்க’ என்று எழுதினால் நம்புவார்கள். ‘வேலை’ என்று எழுதினால் நம்பமாட்டார்கள். வீட்டிலிருந்து கடைக்குப் போய்வருவது சொந்தப் பயணம், சேராது. வருடம் 24,000 கி.மீ. ஓடி அதில் 18,000 தொழிலுக்கு என்றால், 60,000 ராண்ட் செலவில் 45,000 கழியும். இன்னொன்று: சிங்கிள் கேப் பக்கி (ஒரே வரிசை இருக்கை உள்ள சிறு சரக்கு வண்டி) வாங்கினால் அதன் வாட்டைத் திரும்பக் கேட்கலாம், இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப், கார் கணக்கில் வருவதால் கேட்க முடியாது. வாங்குமுன் யோசிக்கவேண்டிய விஷயம்.

பில் காகிதம் தெர்மல் என்றால் ஒரு கோடைகாலத்திலேயே எழுத்து வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, தேதி–சப்ளையர்–தொகை என்று பெயரிட்டு வையுங்கள். மாதத்துக்கு ஓர் உறை. மாத முடிவில் பேங்க் ஸ்டேட்மெண்டை வரிவரியாக ஒத்துப்பார்த்தால், பில் இல்லாத செலவு அன்றைக்கே தெரிந்துவிடும். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த காசுக்கும் ஒரு சீட்டு போடுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்ததைத் தனியாக எழுதுங்கள். அது தொழில் செலவு ஆகாது. 7,000 ராண்டுக்குக் குறைந்த தராசு, அரவை மெஷின் போன்றவற்றை அந்த வருடமே முழுதாகக் கழிக்கலாம், பில் இருந்தால்.

தனி நபராகத் தொழில் செய்பவர் பிப்ரவரி கடைசி நாளில் சரக்கை எண்ணியே ஆகவேண்டும். மிச்சச் சரக்கின் மதிப்பு கூடக்கூட லாபமும் வரியும் கூடும். வண்டு விழுந்த பருப்பையும் கெட்டுப்போன மசாலாவையும் படம் எடுத்து, எடை எழுதி, மதிப்பைக் குறைத்துக் காட்டுங்கள்.

தாத்தா காலத்துப் பழக்கத்தில் தமிழில் கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அழகுதான். ஆனால் தமிழ் இங்கே ஆட்சிமொழி அல்ல என்பதால், சார்ஸ் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு உங்கள் செலவிலேயே மொழிபெயர்த்துத் தரவேண்டும். தொகையையும் விவரத்தையும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தால் அந்தச் செலவு மிச்சம்.

ரிட்டர்ன் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 வருடம் எல்லாவற்றையும் வைத்திருக்கவேண்டும். ஆடிட்டோ மேல்முறையீடோ நடந்தால் அது முடியும்வரை. கடைக் கட்டடம் வாங்கிய பத்திரத்தையும், அதை விரிவாக்கிய பில்களையும் மட்டும் கட்டடத்தை விற்ற வருடத்து ரிட்டர்னுக்குப் பிறகும் 5 வருடம் தூக்கி எறியாதீர்கள்.